குடல் நோயும் வேலூர் டாக்டரம்மா செய்த ஆராய்ச்சியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)

 

என்னை உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னாங்க. சுகர், பிரஷர் பற்றி நர்சம்மா வீட்டுக்கே வந்து சொல்றாங்க. அதனால நான் யாரும் வெளியில பேசாத ஒரு நோயைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். குடல் அழற்சி நோய். மலத்தைப் பற்றி, ரத்தம் போவதைப் பற்றி மேடையில் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம பேசாததால தான் இந்த நோய் உள்ளேயே வளருது. அதனால கொஞ்சம் பொறுத்துக்கங்க.

என் நாத்தனாருக்கு இந்த நோய் இருக்கு. அவங்க சம்மதத்தோடு தான் சொல்றேன். நான் பத்தாவது வரைக்கும் தான் படிச்சேன். அவங்களோடு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சப்போ டாக்டர்களிடம் கேட்டதும், காலேஜ் படிக்கும் என் அக்கா மகள் படித்துச் சொன்னதும் தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் நோய் என்னன்னு சொல்லிடுறேன். நம்ம உடம்பில் கிருமியை எதிர்த்துச் சண்டை போட ஒரு சக்தி இருக்கு. அந்தச் சக்தியே தடம் மாறி நம்ம குடலைத் தாக்கினால் குடல் சிவந்து, வீங்கி, புண்ணாகிடும். இதில் முக்கியமா ரெண்டு வகை. பெருங்குடலில் மட்டும் வந்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேணும்னாலும் வந்தால் குரோன்ஸ் நோய். குரோன்ஸ் பெரும்பாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில் வரும். 1932-ல் நியூயார்க்கில் குரோன் என்ற டாக்டரும் கூட ரெண்டு டாக்டர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். அதனால அந்தப் பெயர். இது ஒட்டுவாரொட்டி கிடையாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. அடியோடு போய்விடாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம். அடங்கி இருக்கும்போது வேலைக்குப் போகலாம், டாக்டர் யோசனையோடு பிள்ளையும் பெத்துக்கலாம்.

இது வெள்ளைக்காரங்களுக்கு வருகிற நோய், நம்ம ஊருக்கு வராதுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் டாக்டர் அஜித் சூத் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் மொத்தம் 51,910 பேரைக் கேட்டுப் பரிசோதனை செய்தாங்க. அதில் 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. லட்சம் பேருக்கு 44 பேர் என்று கணக்குப் போட்டு 2003-ல் வெளியிட்டாங்க. நம்ம கூட்டமைப்பில் எத்தனை குடும்பம், ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை சொந்தம்னு எண்ணிப் பாருங்க. இது தூரத்து நோய் இல்லைன்னு புரியும்.

இப்போ நம்ம நாட்டுக்கே உள்ள ஒரு சிக்கலுக்கு வரேன். நான் பேச வந்ததே இதுக்குத் தான்.

தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஏறாதவங்க இங்கே யாரும் இல்லை. அந்தப் பெயர் எப்படி வந்ததுன்னு பெரியவங்களுக்குத் தெரியும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் டிபி நோயாளிகளுக்காக அங்கே சானட்டோரியம் ஆரம்பித்தார். இன்னைக்கு அது அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. அதனால டிபி என்றாலே இருமல், சளி, நெஞ்சு என்று தான் நம்ம மனசில் பதிஞ்சிருக்கு. ஆனால் டிபி குடலிலும் வரும். எங்கே வரும் தெரியுமா? அதே சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் தான் அதிகம் வரும். வயிற்று வலி, ஜுரம், உடம்பு இளைப்பது, பேதி, குடல் அடைப்பு. குரோன்ஸ் நோய்க்கும் இதே தான். குழாய் விட்டு உள்ளே பார்த்தாலும் ரெண்டு புண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

சரி, எதுவா இருந்தா என்ன, மருந்து கொடுத்துட வேண்டியது தானேன்னு கேட்கலாம். அங்கே தான் ஆபத்து. குரோன்ஸுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு முதலான மருந்துகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். டிபி இருக்கிறவங்களுக்கு அதைக் கொடுத்தால் கிருமி உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றிப் பார்த்தால், குரோன்ஸ் இருக்கிறவங்களுக்கு டிபி மாத்திரை கொடுத்துக்கிட்டே இருந்தால் மாசங்கள் ஓடும், புண் ஆழமாகும், குடல் சுருங்கி ஆபரேஷன் வரை போகும். டிபி மாத்திரை ஈரலையும் கெடுக்கலாம். ஒன்றுக்கு மருந்து மற்றதுக்கு விஷம் மாதிரி.

இந்தச் சிக்கலை எடுத்து ஆராய்ச்சி செய்தவர் ஒரு டாக்டரம்மா. பெயர் டாக்டர் அன்னா புலிமூட். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் துறை. அதாவது நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய்னு சொல்கிற வேலை. ஆம்பளை டாக்டர்கிட்ட பெண்களைக் காட்டாத காலத்தில் ஐடா ஸ்கடர் அம்மா ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. 1918-ல் பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளியும் அங்கே தொடங்கினாங்க.

அன்னா புலிமூட் அம்மாவும், குடல் நோய் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா முதலானவர்களும் சேர்ந்து என்ன செய்தாங்கன்னா, டிபி என்று உறுதியான 20 பேர், குரோன்ஸ் என்று உறுதியான 20 பேர், இவங்க குடலிலிருந்து எடுத்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாங்க. என்னென்ன வித்தியாசம் இருக்குன்னு குறிச்சாங்க.

நம்ம உடம்பின் காவல் செல்கள் ஒரு இடத்தில் கூடினால் சின்ன முடிச்சு மாதிரி ஆகும். அதுக்கு கிரானுலோமான்னு பேர். டிபியிலும் முடிச்சு வரும், குரோன்ஸிலும் வரும். அதனால முடிச்சு இருக்குன்னு மட்டும் சொன்னால் பிரயோஜனம் இல்லை. அவங்க பார்த்ததில் டிபி முடிச்சுகள் பெரிசா, நிறைய, ஒன்றோடொன்று சேர்ந்து இருந்தது. சிலதில் நடுவில் தயிர்க்கட்டி மாதிரி செத்த சதை இருந்தது. குரோன்ஸில் முடிச்சுகள் சின்னதா, எண்ணிக்கையில் கொஞ்சமா, தனித்தனியா இருந்தது. புண்ணின் ஓரத்தில் செல்கள் வரிசை கட்டி இருக்கிற விதத்திலும் வித்தியாசம் தெரிந்தது. இதை 1999-ல் இங்கிலாந்தில் வரும் ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் எழுதினாங்க. அந்தப் பத்திரிகையின் பெயருக்கே குடல்னு தான் அர்த்தம்.

அதோடு விடவில்லை. குடலின் ஒரே இடத்தில் மட்டும் துண்டு எடுக்காமல் பல பகுதியிலிருந்தும் எடுத்துப் பார்த்தால் ரெண்டையும் பிரிச்சுச் சொல்வது சுலபம் என்று 2005-ல் இன்னொரு ஆராய்ச்சியும் வெளியிட்டாங்க. இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. அரிசி மூட்டை வாங்கும்போது மேலே ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துட்டு விட்டுடுவோமா? நடுவிலயும் கையை விடுவோம், அடியிலயும் விடுவோம். அதே கதை தான்.

ஒண்ணு சொல்லணும். எல்லாருக்கும் இந்த முடிச்சு தெளிவாகத் தெரியாது. அதனால டிபி கிருமிக்கான பரிசோதனை, ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத் தான் டாக்டர்கள் முடிவு செய்றாங்க. அப்படியும் சந்தேகம் தீரலைன்னா டிபி மாத்திரை ஆரம்பித்து, ரெண்டு மூணு மாசத்தில் திரும்பக் குழாய் விட்டுப் புண் ஆறியிருக்கான்னு பார்ப்பாங்க. ஆறலைன்னா யோசிச்சு வழியை மாத்துவாங்க. அந்தத் திரும்பப் பார்க்கிற தேதியை நாம தவற விடக்கூடாது.

என் நாத்தனார் விஷயத்தில் நடந்தது இதுக்கு நேர் எதிர். ரெண்டு வருஷம் மூலம்னு நினைச்சு மருந்து சாப்பிட்டாங்க. பிறகு ஒரு கிளினிக்கில் குழாய் டெஸ்டும் எடுக்காமல், துண்டும் எடுக்காமல், இளைச்சிருக்கிறதைப் பார்த்து வயிற்று டிபின்னு சொல்லி எட்டு மாசம் மாத்திரை கொடுத்தாங்க. நடுவில் ஒரு தடவை கூட புண் ஆறுதான்னு பார்க்கலை. அவங்க எடை 54 கிலோவிலிருந்து 38-க்கு வந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் குழாய் விட்டு, ஏழு இடத்தில் துண்டு எடுத்து, அது குரோன்ஸ்னு முடிவானது. இப்போ மருந்தில் இருக்காங்க. எடை 49 ஆயிருக்கு. தையல் மெஷினில் திரும்ப உட்கார்ந்துட்டாங்க. இந்த ரெண்டே முக்கால் வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பாங்க?

அவங்களுக்கு டிபியாகவே இருந்திருந்தால் அதுவும் பயப்பட வேண்டிய நோய் இல்லை. சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி மையத்து டாக்டர்கள் வயிற்று டிபிக்கு ஆறு மாசச் சிகிச்சையைச் சோதித்து 1997-லேயே வெளியிட்டிருக்காங்க. டிபி மருந்து அரசில் இலவசம். சத்துணவுக்கு மாசம் 500 ரூபாய் கொடுத்தது 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கு. எந்த நோயாக இருந்தாலும் வழி இருக்கு. எந்த நோய்னு சரியா தெரியணும், அவ்வளவு தான்.

நீங்க கவனிக்க வேண்டியதைச் சொல்றேன். நாலு வாரத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம் அல்லது சளி, தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டி வருவது, காரணமில்லாமல் இளைப்பது, விட்டு விட்டு ஜுரம். இதில் எது இருந்தாலும் சூடு, மூலம்னு நாமளே பேர் வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்க. மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைப்பாங்க. அம்மாமார்கள் தான் நைசா கேட்கணும்.

குழாய் டெஸ்ட் எடுத்தால், எத்தனை இடத்தில் துண்டு எடுத்தீங்கன்னு டாக்டரிடம் தயங்காமல் கேளுங்க. துண்டு பார்த்த ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைங்க. வேறு ஆஸ்பத்திரி போனால் லேபில் கேட்டு அந்தக் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கிட்டுப் போங்க. திரும்பக் குழாய் விடாமலே இன்னொரு டாக்டர் அதைப் பார்க்க முடியும். நாத்தனாருக்கு அப்படித் தான் ரெண்டு பேர் பார்த்து உறுதி செய்தாங்க.

நோய் உறுதியானவங்க, நல்லா இருக்கேன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்துவது இன்னும் ஆபத்து. கை கால் வலிக்கு மெடிக்கலில் வாங்குகிற வலி மாத்திரை இந்த நோயைக் கிளப்பி விடலாம், கேட்காமல் போடாதீங்க.

பழைய சோறு சாப்பிட்டால் சரியாகுமான்னு எங்க குழுவில் கேட்டாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்கள் பழைய சோற்றுக்கும் குடல் நோய்க்கும் உள்ள தொடர்பை அரசு உதவியோடு ஆராய எடுத்தாங்க என்பது உண்மை. நம்ம பாட்டி கொடுத்ததை டாக்டர்கள் மதிச்சுப் பார்ப்பது நமக்குச் சந்தோஷம் தான். உடம்புக்கு ஒத்துக்கிட்டால் சாப்பிடுங்க. ஆனால் அதை மாத்திரைக்குப் பதிலா வைக்காதீங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. அரசு ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டுக்குப் பணம் பெரிசா ஆகாது. ஆனால் தாம்பரம் போய் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எச். போய் வர ஒரு நாள் கூலி போகும். கூடத் துணைக்கு வருகிறவங்க கூலியும் போகும். ஒரு நாளில் முடியாது, நாலைந்து நாள் ஆகும். இதனால தான் பாதிப் பெண்கள் அடுத்த மாசம் பார்க்கலாம்னு தள்ளிப் போடுறாங்க. நாத்தனார் குழு உள்கடனில் 6,000 ரூபாய் கொடுத்தது. மாடு வாங்க, கடை வைக்கக் கொடுப்போம், டெஸ்ட்டுக்குக் கொடுத்தால் எப்படி வசூலாகும்னு அந்தக் கூட்டத்தில் ரெண்டு பேர் கேட்டாங்க. நியாயமான கேள்வி தான். பணம் பத்து மாசத்தில் வட்டியோடு திரும்பி வந்துடுச்சு. உடம்பு தேறினவங்க தான் தவணையும் கட்ட முடியும்.

அதனால நோய் கண்டுபிடிக்கிற செலவுக்கும் குறைந்த வட்டியில் அவசரக் கடன் கொடுக்கலாம் என்று எல்லாக் குழுவும் தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதணும். துணைக்கு ஆள் இல்லாதவங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேர் பெயர் கொடுக்கணும். எங்க குழுவிலிருந்து முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் என் நாத்தனார். அவங்க இப்போ இங்கே மூணாவது வரிசையில் தான் உட்கார்ந்திருக்காங்க. சந்தேகம் இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் அவங்ககிட்டயே கேளுங்க, கூச்சமில்லாமல் சொல்வாங்க.