கொக்கிப் புழுவும் குருதிக் காவலரும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோயை எதிர்த்து நம் உடம்பில் வேலை செய்யும் கலங்களையும், அக்கலங்கள் கையாளும் பொருள்களையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்தால் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள். ஆகவே, நம் முன்னோரின் குடலில் இருந்தபடியே கடல் கடந்து இம்மலைநாட்டுக்கு வந்த ஒரு சிறு புழுவை முன்வைத்து இதனைச் சொல்ல எண்ணுகிறேன்.

மண்டபம் முகாமில் நம் பாட்டன் பாட்டிமாரை மறித்து வைத்து அம்மை குத்தி அனுப்பினார்கள் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊசி நன்றாக வேலை செய்தது. குருதியிலே பிறபொருளெதிரிகள் உண்டாயின. பகைவனை நினைவில் வைத்துக்கொள்ளும் கலங்களும் உண்டாயின. பல ஆண்டுகளுக்கு அம்மை அவர்களை அண்டவில்லை. 1980 இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது. ஆனால் கொக்கிப் புழுவுக்கு அப்படியொரு ஊசி இன்றுவரை வழக்கத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் என் பேச்சு.

நுண்கிருமி மிகச் சிறியது. வெண்குழியம் அதனைச் சுற்றி வளைத்து விழுங்கிவிடும். இதனை 1882 இல் மெச்னிக்கோவ் என்னும் ருசிய அறிஞர் நட்சத்திர மீனின் குஞ்சிலே கண்டார். கொக்கிப் புழுவோ ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் நீளம். எறும்பு யானையை விழுங்குவது எப்படி? ஆகவே புழுக்களுக்கென்றே உடம்பு வேறொரு படையை வைத்திருக்கிறது. அதிலே முதன்மையானது இயோசினோபில் என்னும் வெண்குழியம். இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்பதைக் கண்டு 1879 இல் போல் ஏர்லிக் அதனை அடையாளங் காட்டினார். இது விழுங்குவதில்லை, புழுக்குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மணிகளில் உள்ள நச்சுப் புரதங்களை அதன் மேல் கொட்டுகிறது. அதற்குத் துணையாக ஐ.ஜி.ஈ. என்றொரு பிறபொருளெதிரி உண்டு. 1966 இல் இஷிசாக்கா தம்பதியர் அதனை வெளிப்படுத்தினர். இவற்றுக்கெல்லாம் கட்டளையிடுவது ஒருவகை உதவிக் கலம். அதன் கட்டளைகள் இன்டர்லூக்கின் என்னும் பொருள்களாக வெளிவருகின்றன. ஐந்தாம் இன்டர்லூக்கின் எலும்பு மச்சையிலே இயோசினோபில்களைப் பெருக்குகிறது. பதின்மூன்றாவது குடலிலே சளியை வழியவிட்டுப் புழுவை வழுக்கி வெளியே தள்ளப் பார்க்கிறது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் மனிதன் குடலில் இப்புழு ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கிறது! அதற்கும் ஆயுதம் உண்டு. குருதி உறையாதிருக்க ஒரு பொருளைச் சுரக்கிறது. இயோசினோபில்களை அழைக்கும் செய்திப் பொருளைத் துண்டு துண்டாக வெட்டும் நொதியம் ஒன்றையும் சுரக்கிறது. தந்தி போய்ச் சேருமுன் கம்பியை அறுப்பது போல! மேலும், நம் படையிலேயே சண்டையை அடக்கும் கலங்களைத் தூண்டிவிட்டுத் தன்பாட்டில் இரத்தம் குடிக்கிறது. எனவே, ஒரு முறை வந்து குணமானவருக்கு மறுமுறை வராது என்ற பேச்சு இந்நோயில் செல்லாது.

1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. சில காலத்தில் அதே ஆட்களிடம் மீண்டும் புழு. காரணம் தெளிவானது. மலத்தோடு வெளிவரும் முட்டை ஈர மண்ணிலே ஓரிரு நாளில் பொரிக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் அக்குஞ்சு வெறுங்காலைத் துளைத்து உள்ளே போகத் தயாராகிறது. லயங்களுக்கு மலசலகூடம் இல்லாத இடத்தில் மருந்து மட்டும் என்ன செய்யும்? வட்டகொடைக் குளிர் இக்குஞ்சுக்கு அவ்வளவு உகந்ததன்று. சூடும் ஈரமும் சேர்ந்த தாழ்ந்த தோட்டங்களே அதற்கு வாய்ப்பான இடம். ஆயினும் பெண் கொடுத்தும் எடுத்தும் தோட்டத்துக்குத் தோட்டம் போய்வருகிற நமக்கு அதை நம்பியிருக்க முடியுமா?

நெகேட்டர் என்னும் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தை இழக்கச் செய்கிறது. அற்பம் என்பீர்கள். நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலீற்றர். அதனுடன் இரும்புச் சத்தும் போகிறது. அன்கைலொஸ்ரோமா என்னும் மற்ற வகை இதனைப் போல ஐந்து ஆறு மடங்கு குடிக்கும். இரத்தம் குறையும் காரணம் புழு ஒன்றே அன்று. உணவும் பிள்ளைப்பேறும் சேர்ந்தே அதனைக் குறைக்கின்றன. ஆனால் குறைந்தால் விளைவு என்ன என்பதை நம் கொழுந்துக் கூடையே சொல்லிற்று. 1979 இல் எட்ஜர்டனும் அவருடன் சேர்ந்தோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களை ஆராய்ந்து பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். இரும்புச் சத்துக் கொடுத்து இரத்தம் தேறியதும் அப்பெண்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். இரத்தம் மிகக் குறைந்திருந்தவரிடமே முன்னேற்றம் மிகுதி. தாய்மார்களே, அந்தி நேரத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கும் பெண்ணைச் “சோம்பேறி” என்று இனியாவது யாரும் ஏச வேண்டாம்.

ஊசியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கொக்கிப் புழுவின் ஒரு புரதத்தைக் கொண்டு ஊசிமருந்து செய்து பிரேசிலில், முன்பு புழு கண்ட மக்களிடம் சோதித்தார்கள். சிலருக்கு உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. அப்புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ. அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததே காரணம். காவற்காரனே வீட்டுக்காரனை அடித்துவிட்டான். சோதனையை நிறுத்தினார்கள், முடிவு 2012 இல் வெளியாயிற்று. வேறு புரதங்களைக் கொண்டு பின்னரும் முயன்று வருகிறார்கள்.

பாடசாலையில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கட்டும். கருவுற்ற தாய்மார் முதல் மூன்று மாதம் கழிந்தபின் மருத்துவமாது சொல்கிறபடி எடுக்கலாம். இதனை இலங்கையிலேயே நிலாந்தி டி சில்வாவும் பிறரும் ஆராய்ந்து 1999 இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 2017 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, மண்வழிப் புழுக்கள் எல்லாம் சேர்த்து, நாடு முழுவதிலும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் அளவிலே காணப்பட, தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 9 பேர் அளவிலே காணப்பட்டன. நம் குருதியில் மற்றவர் குருதியைவிடக் குறைந்த காவலர் இல்லை. வேறுபாடு லயத்துக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த மாதம் சங்கத்து இளைஞர்கள் லயம் லயமாகச் சென்று, எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மலசலகூடம், அவற்றில் எத்தனை பழுது என்று எண்ணி எழுதுவதாயின், கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நானும் உடன்வருகிறேன்.