கோபி வெயிலுக்கு ஒரு லோஷன் கட்டி



மார்கழிக் காலையில் நம் கோபி வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடும். "எண்ணெய் வரமாட்டேங்குதுங்க டீச்சர்" என்று தலை கலைந்து வரும் குழந்தை, உருகுநிலைப் பாடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வருகிறது. அந்த எண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். அதே மாதத்தில்தான் பிள்ளைகளின் கையும் காலும் வெள்ளை பூத்து வெடிக்கின்றன. எங்கள் எட்டாம் வகுப்பில் இரண்டையும் சேர்த்து லோஷன் கட்டி செய்தோம்.

சோப்பைப் போலக் கையில் பிடித்துத் தேய்க்கும் பூச்சு அது. கடை லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். அதைத் தடுக்கத் தனியே பொருள் சேர்க்க வேண்டும். கட்டியில் தண்ணீரே இல்லை. தேன்மெழுகும் எண்ணெயும் போதும்.

வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில் தேன்மெழுகு, எண்ணெய், ஆப்பிரிக்க ஷியா வெண்ணெய் மூன்றும் சமபங்கு. தென்னந்தோப்புக்கு நடுவே இருந்துகொண்டு ஷியாவை அஞ்சலில் வரவழைக்க எனக்கு மனமில்லை. நம் விகிதத்தை நாமே கண்டுபிடிப்போம் என்றேன்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு எண்ணெய் சேர்த்தால் கலவை எந்த வெப்பத்தில் உருகும்? கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் சராசரி எடுத்து 37 என்றான். உடல் வெப்பமும் அதுதானே, வகுப்பே கைதட்டியது. ஆனால் கலவை சராசரிக்குக் கட்டுப்படுவதில்லை. ஆறும்போது மெழுகு நுண்ணிய படிகங்களாகி வலைபோல் பின்னிக்கொள்கிறது. எண்ணெய் அதற்குள் அடைபட்டு நிற்கிறது. அதனால்தான் எண்ணெய் தனியாக உருகிவிடும் வெயிலிலும் கட்டி நிற்கிறது.

தராசில் நிறுத்து 1:1, 1:2, 1:4 என மூன்று கட்டிகள் வார்த்து, நடுப்பகலில் ஜன்னல் திண்டில் வைத்தோம். 1:4 விரல் பட்டதும் குழிந்தது. 1:1 கல்லாக நின்றது, தோலில் இழுத்தது, பூச்சு இறங்கவில்லை. 1:2 எங்களுக்குச் சரிவந்தது. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம்.

அடுப்பு வேலை ஆசிரியருடையது. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவிப் பார்க்கட்டும். இரத்தம் கசியும் வெடிப்புக்கு இது மருந்தல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

பட்டுக்கூட்டை வெந்நீரில் அளைந்து இழையெடுக்கும் தன் அம்மாவுக்காக ஒரு மாணவி இரண்டு கட்டி கேட்டாள். ஒரு வாரம் கழித்து வந்து, வேலை நேரத்தில் பூசினால் இழையில் பிசுக்கு ஒட்டுகிறதாம், இரவில் மட்டும் பூசுகிறார்கள் என்றாள். "பிசுக்கு இல்லாத அளவு இருக்குதுங்களா?" என்றும் கேட்டாள். 2:3 வார்த்துப் பார்க்க, இந்த வெள்ளிக்கிழமை மறுபடி தராசை எடுக்கிறோம்.