பள்ளி துரத்திய பையன் பட்டம் வழங்கினார்!



"உனக்குப் படிப்பு வராது."

மூன்றே மூன்று சொற்கள். குழந்தை கெட்ட வார்த்தை பேசினால் வாயில் ஒன்று போடுகிறோம். ஆனால் இந்த மூன்று சொற்களை நம் வீட்டில் நாமே சொல்கிறோம். சாப்பாட்டு மேசையில் சொல்கிறோம். சொந்தக்காரர் முன்னால் வைத்துச் சொல்கிறோம். கோபத்தில் அடித்த அடி சாயங்காலம் ஆறிவிடும். இந்தச் சொல் நாற்பது வயதிலும் ஆறாது.

இந்த மூன்று சொற்களுக்குப் பதில் சொல்ல வெளியூரிலிருந்து யாரையும் அழைத்து வர வேண்டாம். சாட்சி இங்கேயே இருக்கிறார்.

சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் ரங்கூன் சாலை பிரிகிறது. அந்தச் சாலையின் பெயரில் ஒரு காலத்தில் ஒரு பிற்பகல் பள்ளி இருந்தது. அங்கே ஒரு தமிழ்ப் பையன் படித்தான். 1924-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தவன். அவனுடைய அப்பா மலாயாவில் மூவார் நகரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம் அது. ரப்பர் விலை தரையில் விழுந்தது. ரப்பரை நம்பிய குடும்பங்களும் விழுந்தன. கடன் சுமை தாங்காமல் அப்பா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது பையனுக்கு வயது எட்டு.

அப்பா இல்லாத வீடு. வறுமை. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. ஒரு முறை அல்ல, இரண்டு முறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். பதினாறு வயதில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டே ஓடினான். கையில் சான்றிதழ் இல்லை, காசு இல்லை, வழிகாட்ட ஆளும் இல்லை.

சபையோரே, அந்தப் பையனை அன்றைக்கு உங்களிடம் கொண்டு வந்து நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். "இது தேறாத கேஸ்" என்றுதானே சொல்லியிருப்போம்?

அந்தப் பையன்தான் செல்லப்பன் ராமநாதன். சிங்கப்பூரின் ஆறாவது அதிபர். 1999 முதல் 2011 வரை பன்னிரண்டு ஆண்டுகள், இந்த நாட்டில் வேறு எவரும் வகிக்காத அளவு நீண்ட காலம் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதன் அவர்கள்!

உடனே கைதட்டி முடித்துவிட வேண்டாம். "ஓடிப்போன பையன் அதிபர் ஆனார்" என்று ஒரே வரியில் சொன்னால் அது சினிமாக் கதை. ஒரு பாட்டு முடிவதற்குள் ஏழை பணக்காரன் ஆகிற கதை. இடையில் இருக்கிற ஆண்டுகளைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அப்போது மூவாரில் இருந்த அந்த வாலிபரின் கையில் ஓர் ஆங்கில-ஜப்பானிய அகராதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவர் தானாகவே ஜப்பானிய மொழி கற்றார். மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. படிப்பு வராத மூளைக்கா அகராதியைப் பார்த்தே ஒரு மொழி வந்தது? வராதது படிப்பு அல்ல. அந்த வயதில், அந்தச் சூழ்நிலையில், அந்த வகுப்பறையில் அவரால் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

போர் முடிந்தது. எழுத்தர் வேலையில் இருந்துகொண்டே, விட்டுப்போன உயர்நிலைப் படிப்பை அஞ்சல் வழியில் தானாகப் படித்து முடித்தார். பிறகு சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகம். அங்கே 1952-இல் சமூகவியல் பணிக்கான பட்டயப் படிப்பு வந்தது. அதில் சேர்ந்தார். 1954-இல் சிறப்புத் தேர்ச்சியோடு வெளியே வந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது முப்பது! கூடப் பிறந்த வயதுக்காரர்கள் எல்லாம் கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு என்று போய்விட்ட வயது. அந்த வயதில் ஒருவர் பட்டயம் வாங்குகிறார். அதுவும் பட்டம் அல்ல, பட்டயம். நம் வீட்டில் என்றால் அதற்கும் ஒரு சொல் தயாராக இருந்திருக்கும்: "இத்தனை வயசுக்கு மேல இதை வச்சு என்ன கிழிக்கப் போறே?"

என்ன செய்தார்? 1955-இல் அரசு மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தார். நோயாளியின் உடம்பை மருத்துவர் பார்ப்பார். "இவர் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?" என்று பார்ப்பது சமூகப் பணியாளரின் வேலை. எட்டு வயதில் அப்பாவை இழந்த பையனுக்கு அந்தக் கேள்வியின் வலி எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தராமலே தெரிந்திருக்கும். படிப்பு அந்த வலியை, அடுத்தவருக்கு உதவும் கருவியாக மாற்றிக் கொடுத்தது.

பிறகு கடலோடிகளின் நல அதிகாரி, தொழிலாளர் ஆய்வுப் பிரிவு, வெளியுறவு அமைச்சு, தற்காப்பு அமைச்சு என்று படிப்படியாக ஏறினார். 1974-இல் 'லாஜு' படகைக் கடத்திய ஆயுததாரிகளை நாட்டை விட்டு அனுப்ப வேண்டி வந்தது. தங்கள் உயிருக்கு உத்தரவாதமாக அதிகாரிகள் கூடவே வர வேண்டும் என்றார்கள். குவைத்துக்குப் பறந்த அந்த அதிகாரிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நாதன். பின்னாளில் மலேசியாவுக்குத் தூதர், அமெரிக்காவுக்குத் தூதர். அதற்குப் பிறகுதான் இஸ்தானா மாளிகை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "அவர் ஆயிரத்தில் ஒருவர். எல்லாரும் அதிபர் ஆக முடியுமா?"

முடியாது. ஆகவும் வேண்டாம். அவர் அதிபராகாமல் மருத்துவமனைப் பணியாளராகவே ஓய்வு பெற்றிருந்தாலும், அந்த முப்பது வயதுப் பட்டயம் வெற்றிதான். மாளிகை அதற்குக் கிடைத்த கொசுறு. படிப்பின் பலனைப் பதவியால் அளப்பதால்தான், பதவி கிடைக்காது என்று தெரிந்தவுடன் படிப்பையே விட்டுவிடுகிறோம்.

அந்தக் காலத்தை விட இன்று கதவுகள் அதிகம். 1979-இல் வந்த கல்வி அறிக்கைக்குப் பின் இந்த நாட்டில் பிள்ளைகளைத் தரம் பிரித்தார்கள். விரைவுநிலை, வழக்கநிலை என்று பெயர் வைத்தார்கள். பிரித்ததற்குக் காரணம் இருந்தது. பாதியில் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகளைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒட்டிய அந்தச் சீட்டைப் பல பிள்ளைகள் நெற்றியில் எழுதிய எழுத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகளைப் பிரித்து "இதோடு முடிந்தது" என்று கேலி பேசினார்கள். அந்தக் கழகத்தில் படித்து, பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகம் ஏறிய பிள்ளைகள் அந்தக் கேலியைப் பொய்யாக்கினார்கள். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து அந்தத் தரப் பிரிப்பே எடுக்கப்பட்டுவிட்டது. பாடத்துக்குப் பாடம் தன் பலத்துக்கு ஏற்ற நிலையில் படிக்கலாம். அரசாங்கமே சீட்டைக் கிழித்துவிட்டது. நாம் மட்டும் ஏன் இன்னும் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

பணமா தடை? பியட்டி சாலையில் சிண்டா இருக்கிறது. 1991-இல் நம் சமூகத்துக்காக அமைந்தது. வேலை செய்யும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து போகிற சில வெள்ளிகளும் சேர்ந்துதான் அங்கே துணைப்பாட வகுப்புகளாகின்றன. முகம் தெரியாத ஒரு பேருந்து ஓட்டுநர் அண்ணனும், ஒரு தாதி அக்காவும் உங்கள் பிள்ளையின் படிப்புக்குக் காசு போட்டிருக்கிறார்கள். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?

வயதா தடை? வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே சமூகப் பணி படிப்பவர்கள் சேரும் கல்விப் பள்ளிக்கு யாருடைய பெயர் தெரியுமா? எஸ்.ஆர். நாதன் பெயர்! நாற்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்பியூச்சர் திட்டத்தில் 4,000 வெள்ளி ஒதுக்கப்பட்டது. "இனிமே என்ன படிப்பு?" என்று நாம் கேட்கிற வயதில், "இந்தாங்க, போய்ப் படியுங்க" என்று அரசாங்கம் காசு கொடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிற்கும் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டுமானத் தளத்தில் ஆறு நாள் உழைத்த உடம்பு ஏழாவது நாள் ஓய்வுதான் கேட்கும். கேட்கட்டும். ஆனால் தங்குவிடுதிக்குத் திரும்பும் பேருந்தில் கைப்பேசியில் படம் பார்க்கிற நேரத்தில், அரை மணி மட்டும் ஓர் ஆங்கிலப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். அகராதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போர்க்காலத்தில் ஒருவர் மொழி கற்றார் என்றால், கைக்குள் உலகத்தையே வைத்திருக்கும் உங்களால் முடியாதா?

தாய்மார்களே, கல்யாணத்தோடு படிப்பை மூட்டை கட்டி வைத்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிற அதே மேசையில் நீங்களும் ஒரு புத்தகத்தைத் திறந்து உட்காருங்கள். "படி, படி" என்று நூறு முறை சொல்வதை விட, அம்மா படிப்பதைப் பிள்ளை ஒரு முறை பார்த்தால் போதும்.

கேலி பேசுகிறவர்களோடு வாதம் செய்யாதீர்கள். வாதத்தில் ஜெயித்தால் ஓர் எதிரி கிடைப்பார்; தேர்வில் ஜெயித்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டாம். ஒரு பாடத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள். அதை முடியுங்கள். அடுத்ததற்குப் போங்கள். வெளியே இருக்கிறவர் சொன்ன "உனக்கு வராது" என்பது, ஒருநாள் உள்ளே போய் "எனக்கு வராது" என்று மாறிவிடும். அதுதான் ஆபத்து. அதற்கு முன்னால் ஒரு தேர்வையாவது எழுதிவிடுங்கள்.

பெற்றோரே, மதிப்பெண் குறைந்தால் கண்டியுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் "உனக்குப் படிப்பு வராது" என்பதற்குப் பதில், "இந்தப் பாடம் இன்னும் வரலே, எங்கே சிக்குதுன்னு பார்ப்போம் வா" என்று சொல்லுங்கள். முதல் சொல் கதவை அடைக்கும். இரண்டாவது சொல் கதவை ஒருக்களித்தாவது வைத்திருக்கும்.

முடிக்கும் முன் ஒரு காட்சி. சிங்கப்பூரில் அதிபராக இருப்பவரே தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். இரண்டு முறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர், அதிபரான பிறகு வேந்தராக மேடையில் நின்று மற்றவர்களுக்குப் பட்டம் வழங்கினார்! 2016 ஆகஸ்ட் 22-ஆம் தேதி அவர் மறைந்தார். நான்கு நாள் கழித்து அரசு மரியாதையோடு இறுதி நிகழ்ச்சி. அதில் அவருக்குப் பிடித்த, தஞ்சாவூர் மண்ணைச் சொல்லும் 'பொற்காலம்' படப் பாடலும் ஒலித்தது. அந்த நிகழ்ச்சி எங்கே நடந்தது தெரியுமா? தேசியப் பல்கலைக்கழகத்தின் கலாசார அரங்கத்தில்.

பள்ளிக்கூடம் வெளியே அனுப்பிய பையனைக் கடைசியில் ஒரு பல்கலைக்கழகம் வழியனுப்பி வைத்தது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் யாரிடமாவது அந்த மூன்று சொற்களை எப்போதாவது சொல்லியிருந்தால், பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.