கைநாட்டுக்குக் காவல் எது?

(திரேஸ்புரத்தில் மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்தது கூலி உயர்வைப் பற்றி அல்ல, போனஸைப் பற்றியும் அல்ல. கஷ்டப்பட்டு வாங்கிய கூலி உங்கள் பாங்குக் கணக்கில் பத்திரமாக இருக்கிறதா என்பதைப் பற்றி.

உங்கள் பெயர், உங்கள் ஆதார் எண், உங்கள் விரல் ரேகை ஆகிய மூன்றையும் களவாடிக் கணக்கைத் துடைத்து விடுகிறவன் இருக்கிறான். உங்கள் பெயரில் கடன் வாங்கிவிட்டு மறைகிறவன் இருக்கிறான். "இதிலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம், வருஷா வருஷம் பணம் கட்டுங்கள்" என்று கம்பெனிகளும் கடை விரித்திருக்கின்றன. அந்தப் பணத்தைக் கட்டலாமா? பணம் கட்டாமலே கிடைக்கிற காவல் என்ன? இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

பழைய மோசடி, புதிய கருவி

நம் பாட்டன்மார் காலத்தில் லேவாதேவிக்காரன் வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வாங்கி வைத்துக் கொள்வான். பிறகு இஷ்டம் போல் தொகையை எழுதிக் கொள்வான். கோர்ட்டுக்குப் போனால் அந்தக் கைநாட்டுத்தான் சாட்சி சொல்லும்.

இந்த ரேகை எப்படி வந்தது தெரியுமா? 1858-ல் வங்காளத்து ஹூக்ளியில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒரு காண்டிராக்டரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் வாங்கினார். பின்னால் அவன் "இது என் கையெழுத்து அல்ல" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக! 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். ஆக, அன்று ரேகை ஆளைக் கட்டிப் போடும் கயிறு. இன்று அதுவே பாங்குப் பெட்டியின் சாவி. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். விரலை மாற்ற முடியுமா?

திருடன் மூன்று வாசல் வழியாக வருகிறான்.

முதல் வாசல், ஜெராக்ஸ். கடன் தருகிறேன், வேலை தருகிறேன், நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்று ஆதார், பான் கார்டு நகல்களை வாங்கிக் கொள்கிறான். அதைக் கொண்டு உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்குகிறான், கடன் எடுக்கிறான், கம்பெனியே கூடத் தொடங்குகிறான். இப்படி ஏழைகளின் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு செய்த போலிக் கம்பெனிகள் பெருகியதால்தான், 2023 மே 16 முதல் இரண்டு மாதம் நாடு முழுவதும் வரி இலாகாக்கள் தனிச் சோதனை நடத்தின. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் வீட்டுக்குக் கோடிக் கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அவர் என்ன செய்வார்?

இரண்டாம் வாசல், விரல். பாங்கு ஏஜண்டின் சிறு மிஷினில் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் வருகிறது. ரகசிய எண் கிடையாது, போனுக்கு ஓ.டி.பி.யும் கிடையாது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் பொம்மை விரல் செய்தார்கள். 2018-ல் ஐதராபாத்தில் அப்படிச் செய்து சிம் கார்டுகளை இயக்கியவன் பிடிபட்டான். 2023-ல் மேற்கு வங்காளத்தில் பலருடைய சேமிப்பு இதே வழியில் போயிற்று. உப்பளத்தில் உழைத்து ரேகை தேய்ந்து போன தாயின் விரலை ரேஷன் கடை மிஷின் ஏற்க மறுக்கிறது. திருடனின் பொம்மை விரலை பாங்கு மிஷின் ஏற்றுக் கொண்டது! 2023-ல்தான் ஆதார் ஆணையம், வைத்தது உயிருள்ள விரலா என்று பார்க்கும் புதுச் சோதனையைக் கொண்டு வந்தது.

பொம்மை விரல் கூட வேண்டாம். "ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொல்லி, முதல் தடவையிலேயே பணத்தை எடுத்துக் கொள்ளும் ஏஜண்டும் உண்டு. ஆகவே ஒவ்வொரு தடவைக்கும் ரசீது கேளுங்கள். "விழவில்லை" என்றாலும் ரசீது கேளுங்கள்.

மூன்றாம் வாசல், போன். "பாங்கிலிருந்து பேசுகிறேன், நம்பரைச் சொல்லுங்கள்" என்கிறவன். எந்தப் பாங்கும் உங்கள் ஓ.டி.பி.யைக் கேட்காது. கேட்கிறவன் திருடன்.

காசு கொடுத்து வாங்கும் காவல்

கம்பெனிகள் விற்பது மூன்று சரக்கு. ஒன்று, கண்காணிப்பு: உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் தகவல் சொல்வது. இரண்டு, இன்ஷூரன்ஸ்: நஷ்டத்தில் ஒரு பகுதியையும் வழக்குச் செலவையும் தருவது. நம் நாட்டில் தனி நபர்களுக்கு இந்த சைபர் இன்ஷூரன்ஸ் 2017 முதல் விற்பனையாகிறது. மூன்று, கார்டு தொலைந்தால் ஒரே போனில் எல்லாக் கார்டையும் நிறுத்தித் தருவது.

முதல் சரக்கு எப்படிப்பட்டது? வீட்டுக்குள் திருடன் புகுந்த பிறகு "திருடன் வந்திருக்கிறான்" என்று சொல்லும் காவல்காரன் அது. வாசலை அடைப்பது அதன் வேலை அல்ல.

அமெரிக்காவில் லைஃப்லாக் என்று ஒரு கம்பெனி. அதன் தலைவர் தம்முடைய அடையாள எண்ணையே விளம்பரத்தில் அச்சிட்டு, "முடிந்தால் திருடிப் பாருங்கள்" என்கிற தோரணையில் சவால் விட்டார். அவர் பெயரிலேயே வேறொருவன் கடன் வாங்கினான்! பொய் விளம்பரத்துக்காக 2010-ல் அந்தக் கம்பெனி 1 கோடியே 20 லட்சம் டாலர் கட்டியது. அந்த உத்தரவையும் மீறியதாக வந்த வழக்கில் 2015-ல் 10 கோடி டாலர் கட்டியது. பிரிட்டனில் கார்டுப் பாதுகாப்பும் அடையாளப் பாதுகாப்பும் விற்ற சி.பி.பி. கம்பெனி, ஜனங்களைத் தவறாக நம்ப வைத்து விற்றதற்காக 2012-ல் 1 கோடியே 5 லட்சம் பவுண்டு அபராதத்துக்கு ஆளானது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியிடமிருந்து 2017-ல் சுமார் 14 கோடியே 70 லட்சம் அமெரிக்கர்களின் விவரம் களவு போயிற்று. கண்காணிப்புச் சேவை விற்கிற கம்பெனிகளில் அதுவும் ஒன்று! ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகு, தன் பெயரில் எவருக்கும் புதுக் கடன் கொடுக்காதபடி கடன் ஏட்டை இலவசமாகப் பூட்டி வைக்கும் உரிமை 2018 செப்டம்பர் 21 முதல் அங்கே சட்டமாயிற்று. அதுவரை பல மாநிலங்களில் அந்தப் பூட்டுக்கும் காசு வாங்கினார்கள்.

இன்ஷூரன்ஸ் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். போனிலேயே லட்சக் கணக்கில் வரவு செலவு செய்யும் கடைக்காரருக்கு உபயோகப்படலாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை நாளுக்குள் தகவல் தர வேண்டும்? ஓ.டி.பி. சொல்லி ஏமாந்தால் பணம் உண்டா? விரல் ரேகை மோசடி இதில் சேருமா? அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காசில்லாத காவல்

இப்போது தராசின் மறு தட்டுக்கு வருவோம்.

ஆதார் ரேகையைப் பூட்டலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ, அதன் செயலியிலோ செய்யலாம். ஆதாரோடு போன் எண் இணைந்திருக்க வேண்டும். பூட்டினால் உங்கள் விரலும் வேலை செய்யாது. தேவையானபோது சில நிமிடங்களுக்குத் திறந்து கொள்ள வேண்டும். விவரம் கேட்க 1947. போன் இல்லாதவர்கள், விரல் வைத்துப் பணம் எடுக்கும் வசதி வேண்டாம் என்று பாங்குக் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடுக்கலாம். அந்த வசதி இருக்கிறது. நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்பதை, சர்க்கார் 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையதல்லாத எண்ணைத் துண்டிக்கச் சொல்லலாம்.

கடன் ஏடு வைத்திருக்கும் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் உள்ள விதி. மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று முறை வைத்துக் கேட்டால், வருஷம் முழுவதும் காவல்! காசு வாங்கிக் கொண்டு கம்பெனி செய்கிற கண்காணிப்பில் பெரும்பகுதி இதுதான். தவறு இருந்து, முறையிட்டு 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்பது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

பணம் போய்விட்டால்? அழுது கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கணக்குக் கணக்காக ஓடிக் கொண்டிருக்கும்போதே மடக்க முடியும். முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. அடுத்தது பாங்கு. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ல் வகுத்த விதி என்ன சொல்கிறது? பாங்கின் மீதும் தவறில்லை, உங்கள் மீதும் தவறில்லை, நடுவில் எவனோ செய்தான் என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே கிடையாது. நான்கு முதல் ஏழு நாளுக்குள் சொன்னால், ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறு உங்களுடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பாங்கு. நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தாலும், புகார் கொடுத்த பிறகு போகிற பணத்துக்குப் பாங்குதான் பொறுப்பு. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை.

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது? மாசச் சம்பளமும் ஒரு பாங்குக் கணக்கும் உள்ள தொழிலாளிக்கு, காசில்லாத காவலே முதல் காவல். அதைச் செய்து முடிக்காமல் கம்பெனிக்குப் பணம் கட்டுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காவல்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது போல.

நாம் செய்ய வேண்டியது

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காவலெல்லாம் படித்தவனுக்கும் நல்ல போன் வைத்திருப்பவனுக்கும்தான் சுலபம். சங்கு குளிக்கக் கடலுக்குள் போகிறவர், வயலில் நாற்று நடுகிற தாய், இரவு ஷிப்டு முடிந்து வருகிற மில் தொழிலாளி, இவர்கள் எப்போது தளத்தைத் திறந்து பார்ப்பது? ஆகவே சங்கம் பார்க்க வேண்டும். மில் கேட்டிலும், கிராமத்திலும், இந்தக் கடற்கரையிலும் மாதம் ஒரு நாள் படித்த இளைஞர்கள் இருவர் உட்காரட்டும். சிம் கணக்கைப் பார்க்கட்டும். ரேகையைப் பூட்டித் தரட்டும். புகார் எழுதித் தரட்டும். 1930 என்ற எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கரியால் எழுதி வையுங்கள்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. நல்லது. அந்த அபராதம் யாருக்குப் போகும்? சர்க்கார் கஜானாவுக்கு! பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஒரு காசு கிடையாது. இது என்ன நியாயம்? பறிகொடுத்தவருக்கு நஷ்ட ஈடு வேண்டும். கடன் ஏட்டை இலவசமாகப் பூட்டும் உரிமை இங்கேயும் சட்டமாக வேண்டும். விரல் வைத்த ஒவ்வொரு முறையும் ரசீது தராத ஏஜண்டின் உரிமம் ரத்தாக வேண்டும்.

தோழர்களே! லேவாதேவிக்காரனின் வெற்றுப் புரோநோட்டை நம் மக்கள் எப்படி எதிர்த்தார்கள்? எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டார்கள். கூட்டமாகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். இன்றைக்கும் வழி அதுதான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, உங்கள் ஆதார் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.