அறுபதா, அறுபத்தொன்னா? இரண்டு தேதிக்கு நடுவுல எத்தனை நாள்

இன்னைக்கு எபிசோட்ல கேள்வி ரொம்பச் சின்னது: இரண்டு தேதி கொடுத்தா, நடுவுல எத்தனை நாள்? "ஒன்னுல இருந்து இன்னொன்ன கழிச்சா முடிஞ்சது"ன்னுதான் தோணும். அதைச் சோதிச்சுப் பார்க்க நம்ம ஊர்ப் பக்கமே ஒரு நல்ல கணக்கு இருக்கு.

தாமிரபரணி கடல்ல சேர்ற இடத்துல இருக்கு புன்னக்காயல். அந்த ஊரு, பக்கத்துல தூத்துக்குடி, மேல இராமேஸ்வரம், சென்னைன்னு கிழக்குக் கரை முழுக்க எல்லாருக்கும் மனப்பாடமான இரண்டு தேதி உண்டு: ஏப்ரல் 15, ஜூன் 14. மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் பண்ற காலம்கறதால விசைப்படகுங்க கரையில நிக்கணும். தமிழ்நாட்டுல 2017-க்கு முன்னாடி 45 நாளா இருந்தது, இப்போ 61 நாள்.

இப்போ சர்வர்ல ஒரு வரி எழுதுங்க. ஜூன் 14-ல இருந்து ஏப்ரல் 15-ஐ கழிங்க. ஜாவா, பைத்தான், போஸ்ட்கிரெஸ், எதுல போட்டாலும் பதில் 60. அரசாணை 61-னு சொல்லுது. யார் தப்பு?

யாருமே தப்பு இல்ல. கேள்விதான் வேற. ஏப்ரல்ல 16 நாள், மே மாசம் 31, ஜூன்ல 14. கூட்டினா 61. மனுஷங்க முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுறாங்க. கம்ப்யூட்டர் ஒரு தேதியில இருந்து இன்னொன்னுக்கு எத்தனை தடவை நாள் மாறுதுன்னு எண்ணுது. புன்னக்காயல் மாதிரி கத்தோலிக்க ஊர்ல இதைப் புரியவைக்க ரொம்ப ஈஸி: பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை, ஞாயித்துக்கிழமை உயிர்ப்பு, அது "மூன்றாம் நாள்". கழிச்சுப் பார்த்தா இரண்டுதான். பதினாறாம் நாள் விசேஷமும் அப்படித்தான், இறந்த நாளே ஒன்னு.

"சரி, கடைசியில ஒன்னு கூட்டிடலாமே?" கூட்டலாம். ஆனா மாசவாரியா ரிப்போர்ட் எடுக்கும்போது பாருங்க. ஏப்ரல் 15–30, மே 1–31, ஜூன் 1–14. வெறும் கழித்தல் போட்டா 15, 30, 13. மொத்தம் 58. முன்னாடி ஒரு நாள்தான் குறைஞ்சது, இப்போ மூணு நாள். எத்தனை துண்டா வெட்டுறீங்களோ, அத்தனை நாள் காணாமப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்னு கூட்டணும்னு ஆறு மாசம் கழிச்சு அந்த கோடைத் தொடுறவருக்கு யார் சொல்லுவா?

அதுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கு. தொடக்கத்தைச் சேர்த்துக்கோங்க, முடிவைச் சேர்க்காதீங்க. அதாவது தடை ஏப்ரல் 15-ல தொடங்குது, ஜூன் 15-ல அது இல்ல. டேட்டாபேஸ்ல முடிவு தேதியா ஜூன் 15-ஐ வைங்க. இப்போ கழிச்சா நேரா 61. துண்டு போட்டாலும் 16, 31, 14, அதே 61. திரையில காட்டும்போது மட்டும் ஒரு நாள் குறைச்சு "ஜூன் 14 வரை"ன்னு காட்டுங்க.

அடுத்தது நேரம். நிறையப் பேர் முடிவை ஜூன் 14, 23:59:59-னு வைப்பாங்க. அதை விநாடியாக்கி 86,400-ஆல வகுத்தா 60.99 சொச்சம் வரும், முழு எண்ணா வெட்டினா திரும்ப 60. அதோட சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்துல ஓடும். நம்ம ஊர்ல ஏப்ரல் 15 நள்ளிரவு 12 மணின்னா, சர்வருக்கு அது ஏப்ரல் 14 மாலை 6:30. ராத்திரி 1 மணிக்குப் பதிவான ஒரு படகோட நகர்வை யூடிசி தேதியை வச்சுப் பார்த்தா, அது தடைக்கு முந்தின நாள் கணக்குல விழும். கடல் தொழில் ராத்திரியிலயும் விடியக்காலையிலயும் நடக்கிறது. தடை மீறினாங்களா இல்லையான்னு முடிவு பண்ற இடத்துல இந்த ஐந்தரை மணி நேரம் ஒருத்தரோட பிழைப்பு. முதல்ல ஆசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாத்துங்க, அப்புறம் தேதியை எடுங்க.

இன்னொன்னு, நாள்னா 24 மணி நேரம்னு நம்பாதீங்க. இந்தியாவுல இது உறைக்காது. லண்டன்ல 2024 மார்ச் 31 அன்னைக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளினாங்க, அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். மார்ச் 1-ல இருந்து ஏப்ரல் 1 வரை 743 மணி. 24-ஆல வகுத்து வெட்டினா 30 நாள். காலண்டர்ல 31.

ஜாவா எழுதுறவங்களுக்குத் தனியா ஒன்னு. பீரியட் வச்சு ஏப்ரல் 15-க்கும் ஜூன் 15-க்கும் நடுவுல கணக்குப் போட்டு, கெட்டேஸ் கேட்டா 0 வரும். ஏன்னா அது "2 மாசம், 0 நாள்"னு பிரிச்சு வச்சிருக்கும். மொத்த நாள் வேணும்னா குரோனோயூனிட் டேஸ் பிட்வீன் தான்.

கடைசியா, அதே ஊரோட சேர்ந்த ஒரு தேதி. புன்னக்காயல்ல இருந்து பணி செஞ்ச அண்டிரிக் அடிகளாரோட 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்துல அச்சானது 1578 அக்டோபர் 20. சரியா 400 வருஷம் கழிச்சு 1978 அக்டோபர் 20. நடுவுல எத்தனை நாள்? போஸ்ட்கிரெஸும் ஜாவாவோட லோக்கல்டேட்டும் 146,097-னு சொல்லும். ஜாவாவோட பழைய கிரிகோரியன் காலண்டர் கிளாஸ் 146,087-னு சொல்லும். 1582-ல காலண்டரைத் திருத்தினப்போ அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15-னு ஆச்சு, நடுவுல 10 தேதி கிடையாது. பழைய கிளாஸ் அதைக் கணக்குல எடுக்குது; புதுசு இன்றைய காலண்டரையே பின்னாடி நீட்டுது. அந்தப் புத்தகம் அச்சான காலத்துல இருந்தது பழைய காலண்டர். அதனால உண்மையில விடிஞ்ச நாள்கள் 146,087.

அதனால அடுத்த தடவை இரண்டு தேதியைக் கழிக்கிறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. கடைசி நாள் சேருமா? எந்த ஊர் நேரம்? எண்ணப்போறது நாளா, மணியா? எந்தக் காலண்டர்? பதில் தெரிஞ்சதும் அதை அப்படியே ஒரு டெஸ்ட்டா எழுதி வச்சிருங்க. முதல் டெஸ்ட்டுக்கு ஏப்ரல் 15, ஜூன் 14 போதும். 61 வரலைன்னா டிப்ளாய் பண்ணாதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.