காலைத் தும்மலும் பீனிசமும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் பத்தும் பதினைந்துமாகத் தும்முவார் ஒருவரேனும் இல்லாத இல்லம் நம்மவரில் சிலவே. அதனைத் தடுமனென்று கூறித் தைலம் தேய்த்து விடுகிறோம். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் அப்பெண் தும்மினாளென்று சகுனம் பேசினவர்களும் நம்மில் உண்டு. சகுனத்தை விடுத்து வியாதியை விசாரிப்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

தடுமன் கிருமியால் வருவது; பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானே நீங்கும். இதுவோ அத்தன்மைத்தன்று. காய்ச்சல் இராது, மூக்கும் கண்ணும் அண்ணமும் அரிக்கும், மூக்குநீர் தெளிந்து வடியும், மாதக்கணக்கில் நீடிக்கும். தீங்கற்ற தூசியைத் தேகமானது பகைவனென்று தவறாகக் கொண்டு போர் தொடுப்பதே இதற்குக் காரணம். இதனை ஒவ்வாமை என்பர். 1819-ஆம் ஆண்டில் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில வைத்தியர், தமக்கே ஆண்டுதோறும் வந்த இத்தகைய உபாதையை வைத்தியர் சபையில் விவரித்தார். நம் வீடுகளில் முக்கிய காரணம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் கழிவேயாம். மண்டியில் மிளகாய் நெடியால் வரும் தும்மல் வேறு. அது யாவர்க்கும் வரும்.

இனிப் பீனிசத்தைக் கூறுவோம். மூக்கைச் சூழ்ந்த எலும்புகளில் நான்கு ஜோடி காற்றறைகள் உள. கன்னத்து அறையின் வாயில் அடியில் இல்லாமல் மேற்புறத்தில் அமைந்துள்ளது. ஆதலின் சளி தானே வடியாது. நுண்மயிர்களே அதனை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. ஒவ்வாமையால் சவ்வு வீங்கி அவ்வாயில் அடைபடின், சளி தேங்கி முகம் கனக்கும். மணமறியும் சக்தியும் குன்றும். சளி பச்சை நிறமாயிற்றென்ற ஒன்றையே கொண்டு கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கி விழுங்குவது தவறு. பத்து நாட்களுக்கு மேலும் தணியாவிடினும், தணிந்து மீண்டும் மிகுந்தாலும் வைத்தியரை நாடுக.

இங்கே நம் சொந்த அனுபவத்தை வெட்கமின்றிச் சொல்கிறோம். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் முதலிய சொட்டு மருந்துகள் சில நிமிஷங்களில் மூக்கைத் திறந்துவிடும். அச்சுகத்தை நம்பி நாம் இரண்டு வருஷம் அதற்கு அடிமையாயிருந்தோம். சட்டைப்பையில் அப்புட்டி இல்லாமல் கல்யாண வீட்டிற்கும் சென்றிலோம். ஐந்து நாட்களுக்கு மேல் உபயோகித்தால் அம்மருந்தே அடைப்பை உண்டாக்குமென்று விற்றவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அதனை நிறுத்திய முதல் வாரத்து இரவுகளை மறக்க முடியாது.

பிறகு வைத்தியர் தந்தது மூக்கினுள் பீச்சும் ஸ்டீராய்டு மருந்து. அப்பெயரைக் கேட்டே வீட்டார் அஞ்சினர். ஆயின் அதன் அளவு மிகச் சிறிது. மூக்களவிலேயே பெரும்பாலும் வேலை செய்வது. அது சொட்டு மருந்தைப்போல் உடனே பலன் தராது. முழுப்பயன் தெரிய இரண்டு வாரமும் ஆகலாம். மூன்றாம் நாளே பயனில்லையென்று எறிவோர் பலர். பீச்சுங்கால் மூக்கின் நடுச்சுவரை நோக்காது வெளிப்புறம் நோக்கிப் பீச்சுக. இன்றேல் இரத்தம் கசியும்.

தாய்மார்களே! தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரமொருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நன்று. குளிக்கும் வெந்நீர் போதாது. மூக்கைக் கழுவ ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு போதும். நீர் கொதித்து ஆறியதாகவே இருத்தல் வேண்டும். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் இருக்கக்கூடிய அமீபா மூக்கின் வழியே மூளையை அடைவதுண்டு. இரவில் வாய் திறந்து உறங்கும் பிள்ளை பகலில் பாடத்தில் தூங்கி விழுந்தால், மந்தனென்று அடியாதீர், மூக்கைக் காட்டுங்கள். மூச்சிரைப்பும் உடனிருந்தால் தாமதிக்கலாகாது; ஒவ்வாமை உடையோருக்கு ஆஸ்த்மாவும் சேர்ந்திருப்பது சகஜம்.

கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, கழுத்து விறைப்பு, தாங்கொணாத் தலைவலி ஆகியவற்றில் ஒன்று காணினும் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குச் செல்க. ஒரு பக்கம் மட்டும் அடைத்து இரத்தம் வடிவதையும், நீரிழிவுடையார்க்கு முகம் வீங்கி வலிப்பதையும் அலக்ஷியம் செய்யற்க.

மூக்குக் கழுவும் முறையைக் காண விரும்புவோர் கூட்டம் கலைந்தபின் பின்கட்டிற்கு வரலாம். வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது.