இரண்டு நிமிட வலிப்பும் மீதி நாளும்



வலிப்பு வந்த பிள்ளைக்கு வைத்தியம் தேடி புதுச்சேரி காலாப்பட்டு மக்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பிம்ஸ் மருத்துவமனை காலாப்பட்டிலேயே இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதற்கு வேர். முறையாக வைத்தியம் பார்த்தால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிப்பை அடக்க மாத்திரை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் மனசை யார் பார்க்கிறார்கள்?

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிறுவன் விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் வாயைப் பிளந்து எதையோ வைக்கப் பார்க்கிறார். கண் விழித்தால், தலைக்கு மேலே சுற்றிலும் முகங்கள். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. கால்சட்டை நனைந்திருப்பது மட்டும் தெரிகிறது. கூட்டத்தில் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள். மறுநாள் காலை வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்பான்.

1970இல் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் வைட் தீவில் பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார்கள். பொதுவாக நூற்றுக்கு 7 பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல் இருந்தது. மூளையைத் தொடாத நாள்பட்ட உடல்நோய் உள்ளவர்களில் 12 பேருக்கு. வேறு மூளைக் கோளாறு இல்லாமல் வலிப்பு மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழ 29 பேருக்கு. நோயாளிப் பிள்ளை என்றால் வாடித்தான் இருக்கும் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இந்த மனச்சிக்கலுக்குக் காரணம் ஒன்றல்ல. எப்போது வரும் என்று தெரியாத பயம் ஒரு பக்கம். வலிப்பு எழும் அதே மூளைதான் மனநிலையையும் ஆள்கிறது என்பது இன்னொரு பக்கம். மருந்தும் ஒரு காரணம்: பினோபார்பிட்டோன், லெவெடிராசெட்டம் போன்றவை சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் கிளப்பிவிடும். தட்டைத் தூக்கி எறிகிற பிள்ளைக்கு முரடன் என்று பெயர் வைத்து அடிக்கிறோம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார். நாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

விழாமலும் வலிப்பு வரும். கரும்பலகையைப் பார்த்தபடி சில நொடி வெறித்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுதத் தொடங்கும் குழந்தையை ‘கவனமே இல்லை’ என்று திட்டியிருப்போம்.

வீட்டில் அம்மா இரவெல்லாம் பிள்ளை மேல் ஒரு கையைப் போட்டபடிதான் படுக்கிறாள். அண்ணன் பெரியவன் என்பதால் காவலுக்கு நிற்கிறான். அவன் விளையாட்டும் போகிறது. மீனவக் குப்பத்தில் கடலுக்குப் போகாதே என்று ஒரு பையனைத் தடுத்தால் கூட்டாளிகளையும் சேர்த்துத் தடுத்ததாகிவிடும். தனியாக இறங்க விடக் கூடாது, சரிதான். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, விவரம் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் அலையில் கால் நனைக்கலாமே. வலிப்பு இருந்தால் விளையாட்டே கூடாது என்றில்லை. 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில் பாய்ந்து விழுந்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் ஆக்கிய தென்னாப்பிரிக்க வீரர் ஜான்டி ரோட்ஸ் வலிப்பு உள்ளவர். அதை வெளிப்படையாகப் பேசியவர்.

பெண் பிள்ளை என்றால் வாயே திறப்பதில்லை. நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற கவலை. அடிக்கடி வலிப்பு வருகிறவர் மணமுடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை இந்து திருமணச் சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் 1999இலேயே நீக்கிவிட்டது. சட்டம் விட்டதை நாம்தான் விடவில்லை. மறைத்து வளர்க்கும் வீட்டில், தன்னிடம் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று குழந்தை தானாகவே கற்றுக்கொள்கிறது.

ஆசிரியர்களே, வகுப்பில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்கு. தெளிந்ததும் மாற்று உடுப்பு கொடுத்து, அந்தப் பிள்ளை சம்மதித்தால் மற்றப் பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இது தொற்றாது என்பதையும் சொல்லுங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எத்தனை தடவை வலிப்பு வந்தது என்பதோடு பிள்ளை தூங்குகிறதா, யாரோடு விளையாடுகிறது, எதற்கு அழுகிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416. அரசின் டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.